எங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்

அண்ணன் இறந்த பதினோராவது மாதம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. முப்பது நாள் வேலை. கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாவட்டத்தில் சுற்றுலா வருகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். அதற்காகக் கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அவரோடு போய் வழிகாட்டவும், சொல்வதை எழுதிக்கொள்ளவும் சரித்திரம் படித்த உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டும். எங்கள் ஊரில் பி.ஏ. சரித்திரம் படித்தவன் நான் ஒருவன்தான். படித்து முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருந்தேன்.

"போடா. சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு நாலு எடம் பாத்துட்டு வா" என்றாள் அம்மா. அண்ணி என் சட்டை இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டாள்.

அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டான். அப்பா போன பிறகு இருந்த நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினான். அந்த வருடங்களில் எங்கள் சாதி ஆட்கள் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் எழுத்து, ஊருக்கு ஊர் கூட்டம். அண்ணன் ஆரம்பத்தில் எதற்கும் போகாதவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் அட்டையை நான் இரண்டாவது முறை புதுப்பித்துக்கொண்டு வந்த அன்றுதான் முதல் கூட்டத்துக்குப் போனான்.

"உனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாடா, கலெக்டர் வேலையா குடுக்கப் போறாங்க? உனக்குத்தான்" என்றான்.

பிறகு அந்த ஒரு வாரச் சாலை மறியல் வந்தது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு புளியமரம் அவன்மேல் விழுந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். காரியத்தன்று பந்திக்கு இலை போட்டேன். பையனுக்கு நல்ல தைரியம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். தைரியம் எல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அது எப்போது போகும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு குடை. மூட்டுவலியோடு மலையேறுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஜீப்பில் ஏறியதும் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தம்பி. உங்க பக்கத்துல பாக்கறதுக்கு என்னென்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

ஓட்டுநர் சிரித்தார். அவர் வடக்கனந்தல்காரர். எங்கள் ஊர் விஷயம் எல்லாம் தெரிந்தவர். "அப்படிச் சொன்னா எப்படி? தியாகதுருகம் கோட்டை இருக்கு, கோமுகி டேம் இருக்கு, கல்ராயன் மலைல அருவி இருக்கு. இவரு வூட்ட வுட்டு வெளிய வந்தே வருஷம் ஆவுதுங்க சார்" என்றார். 

முதல் நாள் தியாகதுருகம். கடைத்தெருவுக்குப் பின்னால் பாறையாக எழுந்து நிற்கிற மலை. மேலே இடிந்த மதில்கள், ஒரு சுனை, துருப்பிடித்த பீரங்கி. அதிகாரி ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் நின்ற இடத்திலெல்லாம் எதையாவது கண்டுபிடித்தார். மதிலில் செங்கல் எங்கே முடிந்து கருங்கல் எங்கே தொடங்குகிறது, சுனையின் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுதினேன். கல்லூரியில் படித்த ஹைதர் அலியையும் வெள்ளைக்காரனையும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பீரங்கியின் மேல் கையை வைத்து, "எத்தனை பேர் சேர்ந்து இத மேல தூக்கியிருப்பாங்க பாருங்க" என்றார். அதில் எத்தனை பேர் நசுங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு கணக்குப் போல வந்து போனது.

உச்சியிலிருந்து பார்த்தால் சேலம் சாலை தெரியும். முன்பெல்லாம் மேலிருந்து சாலை தெரியாது, இரண்டு பக்கத்துப் புளியமரங்களும் சேர்ந்து பச்சையாகத்தான் தெரியும். இப்போது தார் வெயிலில் பளபளத்தது. அங்கங்கே கொஞ்சம் மரங்கள் மிச்சமிருந்தன.

"பல்லு போன வாய் மாதிரி ஆக்கிட்டானுங்களே" என்றார் அவர். "நூறு வருஷத்து மரம். எந்த முட்டாப் பசங்களோ."

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கால்ல ரத்தம்" என்றார் அவர். செருப்பைத் துளைத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது. எப்போது என்று தெரியவில்லை. அவர்தான் சுனைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டார். கீழே இறங்கியதும் கடைத்தெருவில் ஒரு பாயின் மளிகைக் கடையில், காயத்தில் வைத்துக்கொள்ள மஞ்சள் வாங்கச் சொன்னார். பாய்க்கு என்னைத் தெரியும். மஞ்சளைப் பொட்டலம் கட்டிக் கையில் வைத்து அழுத்தினார்.  அதிகாரி இருந்ததால் அண்ணனைப் பற்றிப் பேசாமல் விட்டிருப்பார்.

அந்த வாரம் இப்படியே போனது. ஒரு பழைய கோயில், ஒரு ஏரி, வெள்ளைக்காரன் காலத்துப் பயணியர் மாளிகை. இரண்டாவது வாரம் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சியில் ஓட்டலில் சாப்பாடு கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் சாலையில் போனோம். போகிற வழியில் எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார் அதிகாரி. நிழலைத் தேடிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவருக்குப் பசி பொறுக்கவில்லை.

"இங்கயே நிறுத்துப்பா. அந்த அடிமரம் கட்டில் மாதிரி அகலமா இருக்கு. அதுமேல வச்சுச் சாப்பிட்டுடலாம்."

ஓட்டுநர் வண்டியை நிறுத்தவில்லை. "கொஞ்சம் தள்ளிப் போயி பாக்கலாங்க சார்" என்றார்.

"இதுக்கு என்ன குறைச்சல்? நிறுத்து."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.  நிறுத்தினார்.

அதிகாரி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அடிமரத்தின் மேல் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கும் ஒன்றைப் பிரித்து வைத்தார். வெட்டிய இடம் கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் தளிர் விட்டு அதை ஆடு கடித்திருந்தது. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி என்றுகூட நினைத்தேன்.

ஓட்டுநர் ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"ஏம்பா, நீ சாப்பிடல?"

"இந்த எடத்துல வேணாங்க சார்."

"ஏன், இங்க என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். அதற்கு மேல் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நானே சொன்னேன்.

"எங்க அண்ணன் இங்கதான் சார் செத்தான். இந்த மரந்தான்."

அதிகாரியின் கை இலையிலேயே நின்றது. பிறகு மெதுவாக இலையை மடித்தார். தண்ணீரை எடுத்துத் தள்ளிப்போய்க் கை கழுவினார். திரும்பி வந்தவர் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மறியல்லயா?"

"ஆமா சார்."

"நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் சார். கயிறு புடிச்சுக்கினு இருந்தேன்."

அதுவரை வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அண்ணனும் இன்னொருத்தரும் ரம்பம் இழுத்தார்கள். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் நின்று நாங்கள் மூன்று பேர் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தோம். அது கிணற்றுக் கயிறு. மரத்தின் உயரத்துக்குக் கயிறு போதாது. மரம் விழுந்தால் எங்கள்மேல்தான் விழும் என்பது இழுக்கிற எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. படீரென்று முதல் சத்தம் வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினோம். பிடி போனதும் மரம் முறுக்கிக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தது. ரம்பத்தில் இருந்த இன்னொருத்தர் தாவிவிட்டார். அண்ணனால் முடியவில்லை.

"யார் முதல்ல விட்டது?" என்று கேட்டார் அதிகாரி. பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியல சார். நானாவும் இருக்கலாம்."

மீதியையும் சொன்னேன். மரத்தைப் புரட்டி அவனை வெளியே எடுக்கும்போது உயிர் இருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி போகாது. நாங்களே வெட்டிப் போட்ட மரங்கள் வழியெல்லாம் கிடந்தன. கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினோம். கட்டில் சாயும்போதெல்லாம் "மெதுவா, மெதுவாடா" என்றான். ஒரு மரத்தைத் தாண்டிய பிறகு அப்படிச் சொல்லவில்லை. வலி கம்மியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதிகாரி ஆறுதல் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அவர் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறியபோது, "அன்னிக்குக் கோட்டை மேல நான் ஒரு வார்த்தை சொன்னேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க சார்" என்றேன். நான் மனதார அப்படித்தான் சொன்னேன்.

மலை மேலே வெள்ளிமலையில் வனத்துறை விடுதியில் தங்கினோம். மாலையில் மழை பெய்து, காலையில் சாமை வயல்களின் மேல் புகை போல மேகம் நின்றது. அருவிக்கு வழிகாட்ட ஒரு மலைக்காரப் பெண்மணி வந்தார். கடுக்காய் பொறுக்கப் போகிறவர். இடுப்பில் அரிவாள். அதிகாரி அவரிடமும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். அருவிக்கு என்ன பெயர், கதை ஏதாவது உண்டா, பௌர்ணமிக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டார்.

அந்த அம்மா நின்று திரும்பினார். "ஏன் சாமி, இத்தப் பாக்கறதுக்கா அம்மாந்தொலைவுல இருந்து வந்தீங்க? தண்ணி மேல இருந்து கீழ வுழுவுது. வேற இன்னா?"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அதையே எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன்.

அருவியில் தண்ணீர் மிதமாக விழுந்தது. அதிகாரி பனியனோடு போய் நின்றுகொண்டு குழந்தை மாதிரிக் கத்தினார். "வாங்க தம்பி! நில்லுங்க வந்து!" என்று கூப்பிட்டார். போய் நின்றேன். தலையில் தண்ணீர் இடி இடியாக விழுந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, இப்போது அழுகை வந்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காத்துக்கூட நின்றேன். குளிர்தான் வந்தது. பல் கிட்டியது. வெளியே வந்து துவட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கீழே இறங்கினோம். அடிவாரத்தில் எதிரே வந்த பஸ் ஓட்டுநர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடியும் மறியல், காலையிலிருந்து அங்கங்கே மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதிகாரிக்கு மறுநாள் கடலூரில் இருந்தாக வேண்டும். போகிற வரைக்கும் போவோம் என்றார்.

இரண்டு மைல் போனதும் கூட்டம் தெரிந்தது. இருபது முப்பது பேர். சாலையோரத்தில் ஒரு பெரிய புங்கமரத்தைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் நான்கைந்து பேர் ஓடி வந்து மறித்தார்கள்.

"கவர்மெண்டு வண்டி! எறங்குங்கய்யா கீழ!"

அதில் ஒருவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. என்னோடு கல்லூரியில் படித்தவன். "டேய், கைய எடுங்கடா. இவரு யாரு தெரியுமா? போன மறியல்ல மரம் வுழுந்து செத்தாரே, அவரு தம்பி" என்றான். கூட்டம் அமைதியானது. ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன் நமக்காக உசுர குடுத்தவருங்க. வர்ற மாசம் கூட்டத்துல படம் வெச்சு மாலை போடறோம். அம்மாவ இட்டுக்கினு வந்துடுங்க" என்றார்.

"சரிங்க" என்றேன். என் கண் புங்கமரத்தின் மேல் இருந்தது. அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். மீசை அரும்பாத பையன்கள். ரம்பம் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது.

நான் இறங்கிப் போனேன். "ரம்பத்த நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள். வெட்ட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என நினைத்திருப்பார்கள்.

"கயிறு பத்தாது. இன்னொண்ணு கொண்டாந்து முடி போடுங்க."

ஒருவன் போய்க் கிணற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தான். நானே முடி போட்டேன். இரண்டு பையன்களையும் போகச் சொல்லிவிட்டுப் பெரிய ஆட்கள் ஆறு பேரைப் பிடிக்க வைத்தேன். மரம் எட்டாத தூரத்துக்கு அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். "சத்தம் வந்தா கயிற வுடக் கூடாது. ரம்பத்துல இருக்கறவங்க எந்தப் பக்கம் ஓடணும்னு இப்பவே பாத்துக்குங்க" என்றேன். பிறகு கடைசி ஆளுக்குப் பின்னால் நானும் கயிற்றைப் பிடித்தேன்.

மரம் விழுந்தது. நாங்கள் இழுத்த பக்கத்திலேயே சாலைக்குக் குறுக்கே விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் கை தட்டினார்கள். நார் கிழித்து உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நின்றிருந்தார்.

இனி ஜீப் போக முடியாது. ஓட்டுநர் வண்டியோடு இருந்துகொண்டார். அதிகாரியும் நானும் கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்ததால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிடந்த மரங்களில் ஏறி இறங்க நான் கை கொடுத்தேன். பாதி தூரம் போன பிறகுதான் கேட்டார்.

"ஏன் தம்பி அங்க போனீங்க?"

"கயிறு சின்னதா இருந்துச்சு சார்."

அவர் தலையாட்டினார். ஊருக்குள் நுழையும்போது, "இன்னிக்கு நடந்த எதையும் நான் எங்கயும் எழுத மாட்டேன்" என்றார். பஸ் ஸ்டாண்டு காலியாக இருந்தது. சின்னசேலம் போனால் ரயில் கிடைக்கும் என்று அதிகாரி ஒரு சைக்கிள்காரர் பின்னால் ஏறிக்கொண்டு போனார். குடை மட்டும் மேலே தெரிந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. முப்பது நாள் முடிவதற்குள்ளேயே வேலை நின்றது. புத்தகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் பெரிதாக இருந்தது. கல்யாணப் படத்திலிருந்து அண்ணியை வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். தோளில் அண்ணியின் மாலையின் ஓரம் மட்டும் மிச்சம் இருந்தது.

ஒதுக்கீடு வந்தது. பி.எட். முடித்த பிறகு அதில்தான் எனக்கு வேலை கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். உத்தரவு வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் சர்க்கரை வாங்கி வந்தேன்.

அந்த வருடப் பொங்கலுக்கு முன்பு ஒருநாள் அண்ணி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஜீப்புல போனீங்களே தம்பி, இன்னாதான் பாத்தீங்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோட்டை, சுனை, அருவி, அணை. அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் ஒண்ணும் பாத்ததில்ல" என்றாள்.

காணும் பொங்கலன்று அம்மாவையும் அண்ணியையும் பஸ்ஸில் கோமுகி அணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "ஊரு இன்னா சொல்லும்?" என்றாள் அம்மா. "சொல்லட்டும்" என்று அண்ணி செருப்பைப் போட்டுக்கொண்டாள். அணைக்கரையில் நல்ல கூட்டம். கரும்பு தின்கிறவர்கள், பிள்ளைகளைத் துரத்துகிறவர்கள். தண்ணீர் மலை வரைக்கும் விரிந்து கிடந்தது. அண்ணி கரைச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"இவ்ளோ கிட்டயா இருந்துச்சு?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "உங்க அண்ணன் வாராவாரம் கூட்டிக்கினு போறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான் ரொம்பத் தொலைவுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அம்மா அழுதாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் புளிசாதத் தூக்கைத் திறந்து மூன்று தட்டிலும் போட்டேன். அண்ணி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டுகளைக் கழுவ நான் படியில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரை சில்லென்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மூன்று பேரும் தூங்கிவிட்டோம். எங்கள் ஊர் வந்ததும் நடத்துநர் எழுப்பினார்.